லெ மான்: கார்ப் பந்தயத்தின் நிழலில் கிடக்கும் பழைய நகரம் ஓர் இரவு தங்கத் தகுமா?

நெடுவழி எழுதியது:

பிரான்ஸ் பயணம் பற்றி இங்கே பகிரப்படும் திட்டங்களில் பாரிஸ், லுவார் பள்ளத்தாக்கின் அரண்மனைகள், மோன் சேன் மிஷேல் ஆகிய மூன்றும் தவறாமல் இடம்பெறுகின்றன. இவற்றுக்கு நடுவே, பாரிஸிலிருந்து தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், சார்த் ஆற்றின் கரையில் இருக்கும் லெ மான் நகரத்தை யாரும் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. யாராவது அதன் பெயரை எடுத்தாலும் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த ஊரின் பழைய நகரத்தை அரை நாளில் ஓடிப் பார்த்துவிட்டு வண்டியேறக் கூடாது. ஒரு பிற்பகலில் போய்ச் சேர்ந்து, இரவு தங்கி, மறுநாள் முற்பகலையும் அங்கேயே கழிக்க வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்களும் எழுத வேண்டும் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சித்தே பிளாந்தஜெனே என்று இப்போது அழைக்கப்படும் பழைய நகரம், ஆற்றை ஒட்டி எழும் ஒரு குன்றின் முதுகில் நீளவாக்கில் அமைந்திருக்கிறது. மதிலுக்குள் அடங்கும் பரப்பு ஏறத்தாழ ஒன்பது ஹெக்டேர்தான். ஆனால் அந்தச் சிறிய பரப்பிற்குள் ஒரு ரோமானிய மதில், மிகப் பெரிய ஒரு பேராலயம், கோமகன்களின் அரண்மனையாக இருந்து இன்று நகராட்சி மன்றமாக இயங்கும் ஒரு கட்டடம், 15, 16ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த மரச்சட்டக வீடுகள், அவற்றுக்கு நடுவே மறுமலர்ச்சிக் காலத்துக் கல்வீடுகள் என ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடக்கலை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது.

கிராந்த் ரூ எனப்படும் பெரிய வீதியில் நடக்கும்போது வீட்டு மூலைகளில் நிற்கும் மரத்தூண்களைக் கவனியுங்கள். ஒரு தூணில் சாவிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வீட்டிற்குச் ‘சாவித்தூண் வீடு’ என்றே பெயர். வீட்டு எண்கள் இல்லாத காலத்தில் பூட்டுத் தொழில் செய்பவரின் வீட்டை அடையாளம் காட்டுவதற்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும். இன்னொரு வீட்டின் தூண் முழுவதும் செந்நிறம் பூசப்பட்டிருப்பதால் அது ‘செந்தூண் வீடு’. பெரெங்காரியா அரசியின் பெயரிலுள்ள தெருவில், ஒரு கேடயத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு உருவங்களுக்காக ‘இரு நண்பர்கள் வீடு’ என்று ஒன்று இருக்கிறது.

நான் தங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் வெளிச்சம். மதிலின் சிறந்த பகுதி ஆற்றை நோக்கி மேற்குப் பார்த்து நிற்கிறது. மாலை வெயில் அதன்மேல் விழும்போதுதான் அந்தச் செங்கல் வரிகள் எடுப்பாகத் தெரிகின்றன. பேராலயத்தின் பீடப்பகுதியோ கிழக்கே திரும்பியிருப்பதால் அதற்குக் காலை வெயில் வேண்டும். இரண்டையும் சரியான நேரத்தில் பார்க்க விரும்புகிறவருக்கு நடுவில் ஓர் இரவு தேவைப்படுகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போகிறவர்களுக்கு, பேராலயத்தின் மீதும் மதிலின் மீதும் இரவில் காட்டப்படும் ஒளிக்காட்சி கூடுதல் காரணம். அதற்குக் கட்டணம் இல்லை.


எதிர்க்காற்று எழுதியது:

நெடுவழி அவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. பாரிஸிலிருந்து இதே திசையில் வருகிறவர்களுக்கு வழியிலேயே ஷார்த்ர் இருக்கிறது. வண்ணக் கண்ணாடிக்கும் கோதிக் கட்டடக்கலைக்கும் அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு பிரான்ஸிலேயே அரிது. இன்னும் சற்று மேற்கே போனால் ஆஞ்ஜே நகரக் கோட்டையில் விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூலைச் சித்திரிக்கும், நூறு மீட்டருக்கும் நீளமான திரைச்சீலை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்பில் வருகிறவர் இவ்விரண்டையும் விட்டுவிட்டு லெ மானில் இரவு தங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பழைய நகரத்திற்கு வெளியே இருக்கும் ஊர், பிரான்ஸின் வேறெந்த மாவட்டத் தலைநகரத்தையும் போன்றதுதான்: அலுவலகங்கள், அடுக்குமாடிகள், அகலச் சாலைகள். பழைய நகரத்திற்குள்ளும் கடைகள் குறைவு. பகல் நேரத்தில் தெருக்களில் ஆள் நடமாட்டமே இல்லாமல் இருப்பதைச் சிலர் அமைதி என்பார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு காபி குடிக்க இடம் தேடி நான்கு தெரு சுற்றிய எனக்கு அது வேறு மாதிரி இருந்தது. திங்கட்கிழமை போய்விட்டால் அருங்காட்சியகங்களும் மூடிக் கிடக்கும். ஆகவே அரை நாள் போதும் என்பதே என் தீர்ப்பு.


பழஞ்சுவடி எழுதியது:

எதிர்க்காற்று அவர்கள் சொல்லும் அமைதிக்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வணிகமும் ரயிலும் குன்றுக்குக் கீழே போய்விட்டன. குன்றின் குறுக்கே ஒரு சாலையும் சுரங்கவழியும் வெட்டப்பட்டு, பழைய நகரம் இரண்டு துண்டாகவே பிளக்கப்பட்டது. மேலே எஞ்சிய வீடுகள் ஏழைகள் நெருக்கியடித்து வாழும் சேரியாக மாறின. பழைய நகரப் பகுதிகளை இடிக்காமல் செப்பனிட வழிசெய்த மால்ரோ சட்டம் 1962ஆம் ஆண்டு வந்தது; அந்தச் சட்டத்தின் கீழ் கிடைத்த பாதுகாப்பால்தான் இந்த வீடுகள் தப்பின. வணிகம் திரும்பி வரவில்லை, குடியிருப்பவர்கள் மட்டும் திரும்பி வந்தார்கள். ஜன்னலில் துணி காய்வதும், கதவருகே குழந்தையின் மிதிவண்டி சாய்ந்திருப்பதும் அங்கே காட்சிக்காக வைக்கப்பட்டவை அல்ல. நினைவுப் பொருள் கடைகள் வரிசையாக நிற்கும் இடைக்கால நகரங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது குறையாகத் தெரியாது.

இப்போது மதிலுக்கு வருகிறேன். அதை ஒரு பத்தியில் கடந்துபோவது நியாயமில்லை. கேனொமானி என்ற கால்லியப் பழங்குடியின் தலைநகராக இருந்த இந்த ஊர், ரோமப் பேரரசின் பிற்காலத்தில், 3ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையில் மதில் கட்டிக்கொண்டது. தொடக்கத்தில் அதன் சுற்றளவு சுமார் 1,300 மீட்டர். அதில் ஏறத்தாழ 500 மீட்டர் இன்றும் நிற்கிறது. ஆற்றங்கரைப் பக்கத்தில் மதிலோடு ஒட்டிக் கட்டப்பட்டிருந்த வீடுகள் கடந்த நூற்றாண்டில் அகற்றப்பட்ட பிறகே அதன் முழு முகமும் வெளியே தெரிந்தது.

அருகில் போய்ப் பாருங்கள். இரும்புச் சத்து மிகுந்த, கருஞ்சிவப்பான உள்ளூர் மணற்கல்லுக்கு அங்கே ரூசார் என்று பெயர். அந்தக் கல்லையும் வெளிறிய சுண்ணாம்புக் கல்லையும் சிறுசிறு கட்டிகளாக வெட்டி மாற்றி மாற்றி அடுக்கி, முக்கோணம், சாய்சதுரம், இடுப்பு குறுகிய உடுக்கை வடிவம், குறுக்குக் கோடுகள் என்று மதில் முழுவதும் கோலம் போட்டிருக்கிறார்கள். சில வரிசைகளுக்கு ஒருமுறை செங்கற்பட்டை கிடையாக ஓடுகிறது. கட்டிகளுக்கு இடையேயுள்ள காரையில் ஓடும் செங்கல்லும் இடித்துக் கலக்கப்பட்டிருப்பதால் அதுவும் இளஞ்சிவப்பாகவே இருக்கிறது. படையெடுப்பைத் தடுப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் இத்தனை அலங்காரத்திற்கு வேலையில்லை. ஆற்றில் படகில் வருகிறவனுக்குத் தொலைவிலேயே தன் செல்வத்தையும் செல்வாக்கையும் காட்ட நினைத்த ஒரு நகரத்தின் முகம் அது. ரோமப் பேரரசு தேய்ந்துகொண்டிருந்ததாகப் பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் நேரத்தில் மேற்கு மூலையிலிருந்த ஒரு மாகாண நகரம் இப்படிக் கட்டியிருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு அந்த மதிலைப் பாருங்கள்.

இடைக்கால வரலாற்றிலும் இந்த ஊர் சும்மா இருக்கவில்லை. நார்மண்டி கோமகனாக இருந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய வில்லியமின் ஆட்சிக்கு எதிராக 1070ஆம் ஆண்டு இந்நகர மக்கள் தாங்களே நகரத் தன்னாட்சியை அறிவித்தார்கள்; வடக்கு பிரான்ஸின் மிகப் பழைய நகர மன்றங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். 1128ஆம் ஆண்டு ஆஞ்சு கோமகன் ஜெஃப்ரிக்கும் இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியின் மகள் மட்டில்டாவுக்கும் இங்கேதான் திருமணம் நடந்தது. அவர்களின் மகன், பின்னாளில் ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து பிரினீஸ் மலை வரை ஆண்ட இரண்டாம் ஹென்றி, 1133ஆம் ஆண்டு இந்நகரக் கோமகன் அரண்மனையில் பிறந்தார். ஆகவே இது ஆங்கில அரச வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கும் சொந்த ஊர் போன்றது.

அதே ஹென்றியின் வீழ்ச்சியும் இங்கேதான் தொடங்கியது. 1189 ஜூனில் பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப்பும், அவரோடு சேர்ந்துகொண்ட ஹென்றியின் சொந்த மகன் ரிச்சர்டும் லெ மானை முற்றுகையிட வந்தார்கள். எதிரிக்குத் தங்குமிடம் கிடைக்கக் கூடாது என்று ஹென்றியின் ஆட்கள் புறநகருக்குத் தீ வைக்க, காற்று அந்தத் தீயை நகரத்திற்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. தான் பிறந்த ஊர் பின்னால் எரிந்துகொண்டிருக்க அவர் குதிரையில் தப்பியோடினார்; அடுத்த மாதமே ஷினோனில் இறந்தார்.


அத்தி எழுதியது:

பழஞ்சுவடி ஐயாவுக்கும் நெடுவழி அவர்களுக்கும் நன்றி. என் பெற்றோர் இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள்; அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவ உணவு மட்டும் உண்பவர்கள். குன்றின்மேல் இருக்கும் ஊர் என்றதும் தயக்கமாக இருக்கிறது. அவர்களை அழைத்துக்கொண்டு போகலாமா என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


நெடுவழி எழுதியது:

அத்தி அவர்களே, போகலாம். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அம்மாவின் சிரமம் பெரிதும் மாறும். ஆற்றங்கரையிலிருந்தோ, பேராலயத்திற்குப் பின்னால் கீழே இருக்கும் ழாக்கொபேன் சதுக்கத்திலிருந்தோ ஏறினால் நீளமான கற்படிகள். அந்த இரண்டு வழியையும் தவிர்த்து, நகராட்சி மன்றப் பக்கத்திற்கு டாக்சியில் போய் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து குன்றின் முதுகில் நடப்பது ஏறக்குறைய சமதளம்தான். பேராலயம் வரை மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். தெருவெல்லாம் உருண்டைக் கற்கள் பாவியவை என்பதால் மழை பெய்திருந்தால் வழுக்கும். அடிப்பாகம் தடித்த காலணியும் ஒரு கைத்தடியும் கட்டாயம். சக்கர நாற்காலியைத் தள்ளுவது அங்கே உண்மையிலேயே கடினம்.

மதிலைப் பார்ப்பதற்கு மேலே ஏறவே வேண்டியதில்லை. ஆற்றை ஒட்டிய சாலை தட்டையானது. அங்கே வண்டியை நிறுத்தி இறங்கி, எதிர்க்கரையிலிருந்தோ பாலத்திலிருந்தோ பார்த்தாலே மதிலும், அதற்கு மேல் வீடுகளின் பின்புறமும், அதற்கு மேல் பேராலயமும் ஒரே பார்வையில் தெரியும்.

உணவு விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. இந்த ஊரின் பெருமைக்குரிய உணவு ரியெத். அது பன்றி இறைச்சியைக் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வேகவைத்து, நாராகப் பிரித்து, ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது. சாலட் என்று எழுதியிருப்பவற்றிலும் ரியெத்தோ பன்றித் துண்டுகளோ சேர்ந்திருக்கக்கூடும் என்பதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பிரிட்டனி பக்கத்திலேயே இருப்பதால் மரக்கோதுமை (பக்வீட்) மாவில் வார்க்கும் உப்பு அடை பல கடைகளில் கிடைக்கிறது. பாலாடைக்கட்டியும் காளானும் மட்டும் வைத்துத் தரச் சொல்லலாம். முட்டையும் வேண்டாம் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், ஏனெனில் முட்டையை உடைத்து ஊற்றுவது அங்கே வழக்கம். ஞாயிறு இரவு பெரும்பாலான உணவகங்கள் திறப்பதில்லை. அன்று தங்குவதாக இருந்தால் காலைச் சந்தையிலேயே பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.


சாளரம் எழுதியது:

ஷார்த்ரோடு ஒப்பிட்டு லெ மானைத் தள்ளிவிடுகிறார் எதிர்க்காற்று. இரண்டு பேராலயங்களையும் பார்த்தவள் என்ற முறையில் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், சேன் ழுலியேன் பேராலயத்திற்குள் நுழைவதற்கு முன்பு கீழே ழாக்கொபேன் சதுக்கத்தில் நின்று அதன் பின்புறத்தைப் பாருங்கள். முன்பக்கம் கோதிக்கிற்கு முந்தைய ரோமனெஸ்க் பாணியில், கிட்டத்தட்ட ஒரு பெரிய கிராமக் கோயில் போல எளிமையாக இருக்கும். பின்பக்கமோ வேறு ஆலயம். பழைய பீடப்பகுதி போதாது என்று குருமார்கள் விரிவாக்க விரும்பியபோது ரோமானிய மதில் குறுக்கே நின்றது. அந்த இடத்தில் மதிலை இடித்துத் தாண்டிக் கட்டிக்கொள்ள அரசர் இரண்டாம் பிலிப் 1217ஆம் ஆண்டு அனுமதி கொடுத்தார். 1254ஆம் ஆண்டு புதிய பீடப்பகுதி வழிபாட்டிற்கு வந்தது. மதிலைத் தாண்டியதால் கட்டடம் குன்றின் சரிவில் இறங்கி நிற்க வேண்டியதாயிற்று. அதனால்தான் கீழேயிருந்து பார்ப்பவருக்கு அது அத்தனை உயரமாகத் தெரிகிறது. சுற்றிலும் நிற்கும் தாங்கு வளைவுகள் ஒவ்வொன்றும் நடுவழியில் இரண்டாகக் கிளை பிரிகின்றன. மேலிருந்து பார்த்தால் கவண் வடிவம். இந்தக் கிளைபிரிந்த அமைப்பை ஷார்த்ரில் பார்க்க முடியாது.

உள்ளே போனதும், நடுக்கூடத்தின் தென்புற இடைவழியில் இயேசுவின் விண்ணேற்றத்தைக் காட்டும் சாளரத்தைத் தேடிப் பிடியுங்கள். 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த அது, தனக்குரிய கட்டடத்திலேயே இன்றும் இருக்கும் உலகின் மிகப் பழைய வண்ணக் கண்ணாடிகளில் ஒன்று. இயேசுவின் உருவம் இருந்த மேற்பகுதி இப்போது இல்லை. அன்னை மரியாவும் சீடர்களும் மட்டும் சிவப்பு, நீலக் கட்டங்களில் மாறி மாறி நின்றுகொண்டு, கழுத்தை வளைத்து மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருடைய உடம்பும் நேராக இல்லை. இடுப்பும் முழங்காலும் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். முகத்தில் கோடுகள் மிகச் சில. அவற்றிலேயே திகைப்பு தெரிகிறது. ஷார்த்ரின் நீலம் புகழ்பெற்றது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே கண்ணாடிகள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இங்கே ஒரே கண்ணாடியின் முன்னால் யாரும் தள்ளாமல் வேண்டிய நேரம் நிற்கலாம். நண்பகலை ஒட்டிய நேரத்தில் அந்தப் பக்கம் வெயில் நன்றாக விழும்.

அடுத்து, கோயிலின் கடைக்கோடியில் அன்னை மரியாவுக்குரிய சிற்றாலயத்தின் கூரை. செந்நிறப் பின்னணியில் 47 வானதூதர்கள் இசைக்கருவிகளை வாசித்தும் பாடல் ஏடுகளை ஏந்தியும் நிற்கிறார்கள். 1370களில், ஆயர் கோந்தியே த பேஞோ காலத்தில் தீட்டப்பட்டவை. இசைக்கருவிகளின் வரலாற்றை ஆராய்பவர்களுக்கு இந்தக் கூரை ஒரு சான்றாவணம். வீணை வகைகள், குழல்கள், கைவிசை ஆர்கன் ஆகியவற்றோடு, விசைப்பலகைக் கருவிகளின் தொடக்க கால வடிவம் ஒன்றையும் அதில் காணலாம். கழுத்து வலிக்கும் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது. சிறிய தொலைநோக்கி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

வெளியே வந்தபின் முன்வாசலின் தென்மேற்கு மூலையைப் பாருங்கள். நாலரை மீட்டர் உயரத்தில், மடிப்பு மடிப்பாய்த் தொங்கும் துணி போல அரிக்கப்பட்ட ஓர் இளஞ்சிவப்புக் குத்துக்கல், கோயில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கிறிஸ்தவத்திற்கும் ரோமாபுரிக்கும் முந்தைய பெருங்கற்கால எச்சம் அது. அதிலுள்ள ஒரு குழியில் கட்டைவிரலை வைத்துவிட்டு வருவது ஊர் வழக்கம். எத்தனை பேர் வைத்தார்களோ, அந்தக் குழியின் விளிம்பு வழவழவென்று ஆகிவிட்டது.


எதிர்க்காற்று எழுதியது:

சாளரம் அம்மா சொன்ன வானதூதர்களுக்காக அரை நாளை முக்கால் நாளாக்கிக்கொள்ளத் தயார். ஆனால் ‘அரசி பெரெங்காரியா வீடு’ என்று பெயர்ப் பலகை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. அந்த அரசி 1230ஆம் ஆண்டு இறந்தார். அந்த வீடுகளோ 15ஆம் நூற்றாண்டின் இறுதியையும் அதை அடுத்த ஆண்டுகளையும் சேர்ந்தவை. அவர் அந்த வாசற்படியை மிதித்திருக்கவே முடியாது. இப்படிப்பட்ட பெயர்களை நம்பித்தான் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள்.


பழஞ்சுவடி எழுதியது:

பெயர் பொருந்தாதது உண்மைதான். வீட்டின் முகப்பிலுள்ள மரச்செதுக்கு வேலைக்காகப் பார்க்கலாம், அரசிக்காக வேண்டாம். அரசியைப் பார்க்க வேண்டுமென்றால் ஊரின் கிழக்கு விளிம்பிலுள்ள எப்போ மடத்திற்குப் போக வேண்டும்.

பெரெங்காரியா, நவார் நாட்டு இளவரசி. சிங்கநெஞ்சன் ரிச்சர்டின் மனைவி. கணவர் 1199ஆம் ஆண்டு இறந்தபிறகு தனக்குச் சேர வேண்டிய சீதனச் சொத்துக்காக மைத்துனர் ஜானோடு நெடுங்காலம் போராடினார். பிரெஞ்சு அரசரோடு செய்துகொண்ட ஒரு நிலமாற்று ஏற்பாட்டால் லெ மான் அவர் கைக்கு வந்தது. இங்கேயே கால் நூற்றாண்டு ஆட்சி செலுத்தி, இறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1229இல் சிஸ்டர்சியன் துறவிகளுக்காக இந்த மடத்தை நிறுவினார். 1365இல், நூறாண்டுப் போரின்போது, ஆங்கிலேயப் படைகள் அதை அரணாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்று நகர மக்களே அதற்குத் தீ வைத்தார்கள். பிறகு மீண்டும் கட்டப்பட்டது. கல்லில் செதுக்கிய அரசியின் படுத்த உருவம் அங்கே இருக்கிறது. கையில் ஒரு சிறு புத்தகம். அதன் அட்டையிலும் அவருடைய உருவமே படுத்திருக்கிறது. பெரும்பாலோர் அந்தப் புத்தகத்தைக் கவனிக்காமலேயே நகர்ந்துவிடுகிறார்கள்.

அருங்காட்சியகம் என்றால் என் தேர்வு பழைய நகரத்தின் அடிவாரத்திலிருக்கும் காரே பிளாந்தஜெனே. தொல்லியலும் இடைக்கால வரலாறும் அங்கே காட்சிப்படுத்தப்பட்டுள்ளன. முன்பு சொன்ன ஜெஃப்ரியின் கல்லறையில் பதித்திருந்த எனாமல் தகடு, 63 செ.மீ. உயரமும் 33 செ.மீ. அகலமும் கொண்டது, 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யப்பட்டது. ஒரு கையில் உருவிய வாள், மறு கையில் உடம்பையே மறைக்கும் நீலக் கேடயம், அதில் பொன்னிறச் சிங்கங்கள். ஜெஃப்ரியின் பேரனான வில்லியம் லாங்ஸ்பேயின் கல்லறை இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறை உருவத்தின் கேடயத்திலும் இதே சிங்கங்கள். குடும்பச் சின்னம் தலைமுறை தாண்டிப் போகத் தொடங்கியதற்கு மிகப் பழைய சான்றாக இவ்விரண்டையும் சேர்த்துக் காட்டுவார்கள்.


இரும்புக்குதிரை எழுதியது:

போக்குவரத்தையும் பந்தயத்தையும் பற்றி நான் சொல்கிறேன். பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டி.ஜி.வி. ரயிலில் லெ மானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். இந்த அதிவேகப் பாதை 1989இலேயே திறக்கப்பட்டுவிட்டது. சொல்லப்போனால் ஊர் கவனிக்கப்படாமல் போனதற்கு அந்த ரயிலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: பாரிஸுக்கு இத்தனை பக்கத்தில் இருப்பதால் யாரும் தங்குவதில்லை, அதே ரயில் பிரிட்டனிக்கும் நாந்துக்கும் நேராகப் போவதால் யாரும் இறங்குவதும் இல்லை.

ஷார்த்ரா, லெ மானா என்று இங்கே நடக்கும் வழக்கு தேவையற்றது. பாரிஸிலிருந்து ஷார்த்ர் வழியாக லெ மான் போகும் வட்டார ரயில், அதாவது டி.இ.ஆர்., பழைய பாதையில் ஓடுகிறது. காலையில் ஷார்த்ரில் இறங்கிப் பேராலயத்தைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் அதே பாதையில் லெ மான் போய்ச் சேரலாம். மாலை வெயிலில் நெடுவழி சொன்ன மதில் காத்திருக்கும். மறுநாள் டி.ஜி.வி.யில் திரும்பலாம். வட்டார ரயில்கள் எல்லா நேரத்திலும் இல்லை. கிளம்பும் முன்பு நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். லெ மான் நிலையத்திலிருந்து டிராமில் ரெப்யுப்ளிக் சதுக்கத்திற்குச் சில நிமிடங்கள். ‘எப்பரோன் – சித்தே பிளாந்தஜெனே’ என்ற நிறுத்தம் பழைய நகரத்தின் காலடியிலேயே இருக்கிறது. எப்போ மடத்திற்கும் கிழக்கே போகும் டிராமில் கடைசி நிறுத்தம் வரை போய் இறங்கி நடக்கலாம்.

பந்தயம் ஜூன் நடுவில் நடக்கும். 1923இல் தொடங்கிய அந்தப் பந்தயத்தின் தடம் ஊருக்குத் தெற்கே, 13.626 கிலோமீட்டர் சுற்று. அதில் பெரும்பகுதி மற்ற நாட்களில் சாதாரணப் பொதுச்சாலை. பந்தய வாரத்தில் பழைய நகரத்தைப் பார்க்கப் போக வேண்டாம். அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை பல மடங்கு இருக்கும். மற்ற நாட்களில் தடத்தின் வாசலிலுள்ள கார் அருங்காட்சியகத்தை நிம்மதியாகப் பார்க்கலாம்.

இயந்திரங்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. வில்பர் ரைட் ஐரோப்பாவில் முதன்முதலாகப் பொதுமக்கள் முன்னிலையில் விமானம் ஓட்டிக் காட்டியது, 1908 ஆகஸ்ட் 8 அன்று, இந்த ஊருக்கு அருகிலுள்ள ஊனோதியேர் குதிரைப் பந்தயத் திடலில். இரண்டு நிமிடம்கூட நீடிக்காத அந்தப் பறப்பிற்குப் பிறகு, அமெரிக்கர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அதற்கான நினைவுச்சின்னம், சாளரம் அம்மா நிற்கச் சொன்ன அதே ழாக்கொபேன் சதுக்கத்தில், பேராலயத்தின் பின்புறத்தைப் பார்த்தபடி இருக்கிறது. 1920இல் எழுப்பப்பட்டது.


எதிர்க்காற்று எழுதியது:

ஷார்த்ரில் காலை, லெ மானில் மாலை என்ற திட்டத்தை நான் மறுக்க மாட்டேன். அப்படியானால் இரவு தங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் புரிகிறது. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம் என்ற என் எச்சரிக்கையை விலக்கிக்கொள்ளவில்லை.


அத்தி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நேராக லெ மானுக்கே போய்விடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பெற்றோருக்கு ஒரே நாளில் இரண்டு ஊர் அதிகம். சனி மாலை மதில், ஞாயிறு காலை சந்தையும் பேராலயமும், பிற்பகல் எப்போ மடம், மாலையில் பாரிஸ். இதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?


சாளரம் எழுதியது:

ஒன்றே ஒன்றை மாற்றுங்கள், அத்தி. ஞாயிறு காலை பேராலயத்தில் திருப்பலி நடக்கும். அந்த நேரத்தில் உள்ளே சுற்றிப் பார்ப்பது முறையும் அல்ல, வானதூதர் சிற்றாலயம் வரை போவதும் இயலாது. சனிக்கிழமை நண்பகலுக்குள் ஊர் போய்ச் சேர முடிந்தால் முதலில் பேராலயத்தின் உட்புறத்தைப் பார்த்துவிடுங்கள். விண்ணேற்றச் சாளரத்திற்கும் அதுதான் சரியான நேரம். ஞாயிறு காலை ழாக்கொபேன் சதுக்கத்துச் சந்தையிலிருந்து வெளிப்புறத்தைப் பார்த்தால் போதும். அம்மாவும் படியேற வேண்டியதில்லை.